பன்னிரண்டு கீழ்முந்திரி

"மூணாறு போறேன்" என்று நான் சொன்னதில் எள்ளளவும் பொய் கிடையாது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் வெண்ணாறு வந்து பிரிகிற இடத்துக்கு மூணாறு தலைப்பு என்றுதான் பெயர். கோரையாறு ஒரு பக்கம், பாமணியாறு ஒரு பக்கம், வெண்ணாறு தன் போக்கில் ஒரு பக்கம் என்று மூன்றாகப் பிரிந்து போகும். திருவாரூரிலிருந்து 30 கிலோமீட்டர் இருக்கும். தலைப்பையும் சேர்த்துத்தான் சொன்னேன், ஆனால் அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். மூணாறு விழுந்தது, தலைப்பு விழவில்லை. அரை மணி நேரத்தில் நான் கேரளாவுக்கு மோட்டார் சைக்கிளில் போகப்போவதாகத் தெரு முழுக்கச் செய்தி. எதிர்வீட்டு அக்கா கால் கிலோ ஏலக்காய்க்குப் பணமே கொடுத்தனுப்பிவிட்டார்.

திருத்தியிருக்கலாம்தான். ஆனால் 52 வயதில், மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன், வேலை வெட்டியைப் போட்டுவிட்டு நீடாமங்கலத்து வயலில் துணிக்கூடாரம் அடித்துப் படுக்கப்போகிறான் என்பதைவிட, மூணாறு போகிறான் என்பது கௌரவமாகத்தானே இருக்கிறது? வீட்டில் கல்யாண வயதில் பையன் இருக்கிறான். தகப்பனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று வெளியே பேச்சுப் போகக்கூடாது.

உண்மை தெரிந்தவள் என் மனைவி ஒருத்திதான். "ஏங்க, நீடாமங்கலத்துல உங்க பெரியம்மா பொண்ணு வீடே இருக்கு. ஃபேன் இருக்கு, கட்டில் இருக்கு. அதை விட்டுட்டு வயல்ல போய்ப் படுக்கவா ஆறாயிரத்துக்குத் துணிவீடு வாங்கினீங்க?" என்றாள். இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆசை வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். காயில் சுற்றும்போது கை தானாக ஓடும், மனசு எண்ணிக்கை பார்க்கும். கண் மட்டும் சும்மா இருக்கும். சும்மா இருந்த அந்தக் கண்ணுக்கு என் மகன் செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டுக் கொடுத்தான். வெள்ளைக்காரர் ஒருவர் தன்னந்தனியாக மோட்டார் சைக்கிளில் மலை மலையாகப் போகிறார். சாயங்காலம் ஏரிக்கரையில் கூடாரம் அடிக்கிறார். குட்டி அடுப்பில் காபி போடுகிறார், குடிக்கிறார், தண்ணீரைப் பார்க்கிறார். அவ்வளவுதான். ஆனால் அந்த நாற்பது நிமிஷத்தில் அவரை ஒரே ஒரு ஆள்கூட "எங்க போறீய?" என்று கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வாரம் சுற்று எண்ணிக்கை தப்பி இரண்டு மோட்டார் புகைந்து கடைக்குத் திரும்பி வந்தன.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் திருவாரூர். இங்கே தெருமுனைக்குப் பால் வாங்கப் போனாலும் நாலு பேருக்குக் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். என் தொழில் அதைவிட மோசம். குடவாசலிலிருந்து திருத்துறைப்பூண்டி வரைக்கும் எந்த வாய்க்கால் கரையில் நின்றாலும், "மோட்டார்கார அண்ணே, வந்ததுதான் வந்தீய, இதைச் செத்த பாத்துட்டுப் போயிடுங்க" என்று ஒருத்தர் வந்துவிடுவார். ஒரு ராத்திரியாவது யாரும் எதுவும் கேட்காத இடத்தில் படுக்கவேண்டும். அதற்குத்தான் இத்தனை திட்டம்.

இந்த மாதிரி போனவர்கள் யார் யார் என்று பார்த்தேன். சே குவேரா பெயரை மகன் சொன்னான். 1952-ல் நார்ட்டன் 500 வண்டியில் தென்னமெரிக்காவைச் சுற்றக் கிளம்பியவர். விசாரித்தால் அவரும் தனியாகப் போகவில்லை; ஆல்பெர்த்தோ கிரனாடோ என்ற சினேகிதர் கூட இருந்தார், வண்டியே சினேகிதருடையதுதான். அதுவும் சிலி நாட்டில் படுத்துவிட்டது. மிச்சத்தை லாரியிலும் கப்பலிலும் தொற்றிக்கொண்டு முடித்தார்கள். நம் பக்கத்துக்கு வந்தால் சிட்டியும் தி. ஜானகிராமனும். காவேரிக்கரையோரமாகவே போய் 'நடந்தாய் வாழி காவேரி' எழுதினார்கள், 1971-ல் புத்தகம் வந்தது. ஜானகிராமன் மன்னார்குடிப் பக்கம் தேவங்குடிக்காரர், நமக்கு ரொம்பப் பக்கம். ஆனால் அந்தத் தலைப்பில் நடந்தது காவேரி. எழுதியவர்கள் காரில் போனார்கள். மூட்டை முடிச்சு இல்லாமல் இந்தக் குறுக்குச் சாலையெல்லாம் சுற்றியவர் என்றால் அப்பர் பெருமான்தான். கையில் ஒரே ஒரு உழவாரம். போகிற கோயிலில் புல் செதுக்கிவிட்டு அங்கேயே தங்கிக்கொள்வார். அவரையும் எந்த ஊரிலும் சும்மா விட்டதாகத் தெரியவில்லை.

அடுத்தது வண்டி. ஊர்சுற்ற புல்லட்தான் லட்சணம் என்று கடைக்கு வந்த எல்லாரும் சொன்னார்கள். 1955-லிருந்து நம் சென்னையில் தயாராகிற வண்டி, மறுப்பதற்கில்லை. ஆனால் ஆற்றுக்கரைச் சேற்றில் அது சாய்ந்தால் தூக்கி நிறுத்த இன்னும் இரண்டு பேர் வேண்டும். அப்புறம் அது எப்படித் தனிப் பயணம் ஆகும்? எங்கள் பக்கத்துக்கு உண்மையான சாகச வண்டி டிவிஎஸ் 50 தான். 1980-ல் வந்தது. அன்றிலிருந்து நாற்றுக்கட்டு, பால் கேன், வைக்கோல், ஆட்டுக்கிடா, தண்ணீர்க்குடம், மாமியார் என்று அது ஏற்றாத பாரமில்லை, ஏறாத வரப்பில்லை. அது கையில் இல்லை. எனக்கு வாய்த்தது 14 வருஷத்து நூறு சிசி வண்டி ஒன்று. மெக்கானிக் தம்பியிடம் நெடுந்தூரப் பயணத்துக்குத் தயார் செய்யச் சொன்னேன்.

"எம்புட்டு தூரம்ணே?"

"சுத்திச் சுத்தி வந்தா 150 கிலோமீட்டர் வரும்."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். "நீங்க வாரா வாரம் மோட்டார் மாட்டப் போற தூரம்தானேண்ணே அது?" என்றான். காற்று மட்டும் அடித்துக் கொடுத்தான். காசு வாங்கவில்லை.

முதலில் போட்டது மூன்று ராத்திரித் திட்டம். திருவாரூரிலிருந்து கச்சனம், திருத்துறைப்பூண்டி. அங்கிருந்து முத்துப்பேட்டை அலையாத்திக்காடு. திரும்பும் வழியில் உதயமார்த்தாண்டபுரத்துப் பறவைகள், மன்னார்குடி, வடுவூர் ஏரி. கடைசியில் மூணாறு தலைப்பு. நான்குவழிச் சாலை எதையும் தொடாமல், மதகும் மூங்கில் கொத்தும் பனைமரமுமாகப் போகிற கரைரோடு மட்டும். காகிதத்தில் வரைந்து பார்த்தபோது அவ்வளவு அழகாக இருந்தது. அந்தக் காகிதத்தோடு நின்றிருக்கலாம்.

அலையாத்திக்காடு முதலில் போயிற்று. அங்கே ஜாம்புவானோடையிலிருந்து படகில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். ஓதம் ஏறி இறங்குகிற சதுப்பில் கூடாரம் அடித்தால் நடுராத்திரி கடல் வந்து எழுப்பும். பறவைச் சரணாலயங்கள் இரண்டும் போயின. வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-ல் ராம்சர் பட்டியலில் ஏறிய இடங்கள். தங்குகிற உரிமை நாரைக்கு உண்டு, நமக்கு இல்லை. மூன்று ராத்திரி ஒரு ராத்திரியாகச் சுருங்கியது இப்படித்தான். மிஞ்சியது மூணாறு தலைப்பு.

எப்போது போவது? டெல்டாக்காரனுக்கு நாட்காட்டி என்பது மேட்டூர் அணை. வழக்கப்படி ஜூன் 12-ல் திறப்பு, ஜனவரி 28-ல் மூடல். ஆறு மூன்றும் நுரைத்துக்கொண்டு போகிற ஆனி, ஆடியில் போனால் பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் அப்போது குறுவை, எங்கே கால் வைத்தாலும் சேறு. அதுவும் போக, வருஷமெல்லாம் மூலையில் கிடந்த மோட்டாரெல்லாம் அந்த மாதத்தில்தான் புகையும், கடையை விட்டு நகர முடியாது. பிறகு சம்பா நடவு. ஐப்பசியில் மழை பிடித்தால் கார்த்திகை தாண்டித்தான் விடும். கார்த்திகையில் கூடாரம் என்கிற நினைப்பு வந்தால் 2018 நவம்பர் 16-ஐ நினைத்துக்கொள்வேன். முத்துப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புகளைக் கஜா புயல் தீக்குச்சி மாதிரி ஒடித்துப் போட்ட விடிகாலை அது. கான்கிரீட் வீட்டுக்குள் உட்கார்ந்தே எங்களுக்குக் குலை நடுங்கியது. தையில் அறுவடை, ரோடு முழுக்க நெல். பங்குனியில் ஆழித்தேர். தேரோட்டத்தன்று ஊரில் இல்லாத திருவாரூர்க்காரன் வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? ஏற்கெனவே சொன்னேன், பையன் இருக்கிறான். சித்திரை, வைகாசியில் கூடாரத்துக்குள் படுத்தால் இட்லிதான்.

மிச்சம் மாசி. மாசியில் அணை மூடி ஒரு மாதம் ஆகியிருக்கும். மூணாறு என்பது அப்போது மூன்று மணல்பாதை. அதாவது எங்கள் ஊரில் தண்ணீர் இருந்தால் படுக்க இடமிருக்காது, படுக்க இடமிருந்தால் பார்க்கத் தண்ணீர் இருக்காது. அந்த வெள்ளைக்காரர் ஏரிக்கு எப்படி நாள் பார்த்தாரோ!

நாள் கிடைத்தாலும் இடம் கிடைக்கவேண்டுமே. இந்த விஷயத்தை நான் லேசாக நினைத்துவிட்டேன். மலையில், பாலைவனத்தில், எங்கேயாவது யாருக்கும் வேண்டாத இடம் என்று ஒன்று இருக்கும். கீழத்தஞ்சையில் அப்படி ஒன்று கிடையாது. எங்கள் பக்கம் 'காடு' என்று மொட்டையாகச் சொன்னால் சுடுகாடு. மற்றபடி நிலமெல்லாம் அளந்தாயிற்று, அதுவும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே. திருவாரூரில் சாமியையே அளந்துதான் வைத்திருக்கிறோம்: கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீர் ஓடை ஐந்து வேலி. ஒரு வேலிக்கு 20 மா, இன்றைய கணக்கில் ஆறரை ஏக்கருக்குச் சற்று மேலே. அதில் 320-ல் ஒரு பங்கு முந்திரி. அந்த முந்திரியில் 320-ல் ஒரு பங்கு கீழ்முந்திரி. சோழர் காலத்தில் நிலத்தைக் கீழ்முந்திரிக்கும் கீழே நுணுக்கிக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கூடாரத்தின் அடித்தரை ஏழடிக்கு ஐந்தடி, 35 சதுர அடி. கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். 12 கீழ்முந்திரி, சொச்சம்.

வெறும் பன்னிரண்டு கீழ்முந்திரி! ஒரு ராத்திரிக்கு. அது இல்லை இந்த ஜில்லாவில்.

வரப்பு ஒன்றரை அடி அகலம். புரண்டு படுத்தால் வாய்க்கால். களத்தில் யாராவது நெல்லோ உளுந்தோ காயப்போட்டிருப்பார்கள். ஆற்றுப் படுகையில் ராத்திரி டார்ச் அடித்தால் மணல் அள்ள வந்தவன் என்று பிடித்துப் போவார்கள். கோயில் மண்டபத்தில் படுக்கலாம், ஆனால் அதற்குக் கூடாரம் எதற்கு? சுடுகாட்டை என் மகன் சொன்னான். சொன்ன வேகத்தில் அவன் பாட்டியிடம் வாங்கிக்கொண்டான். சரி, அறுத்த வயல் இருக்கிறதே என்றால், அங்கேதான் பெரிய கண்ணி. அறுப்புக்கு வாரம் பத்து நாள் முன்பே நெல்லுக்கு நடுவில் ஈரத்தோடு உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். அறுத்த பிறகு பார்க்கிறவனுக்கு வயல் காலி. குனிந்து பார்த்தால் தாளுக்கு நடுவில் உளுந்து இரண்டு இலை விட்டு நிற்கும். அதன்மேல் கூடாரம் அடித்தால் விடிவதற்குள் பஞ்சாயத்து.

இதற்கிடையில் பார்சல் வந்தது. தூங்கும் பை மைனஸ் ஐந்து டிகிரி வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. 20 டிகிரிக்கு வந்தாலே மப்ளர் கட்டுகிற ஊர் எங்களுடையது. அதற்குள் கையை விட்டுப் பார்த்த அம்மா, "மூணாறு குளிருக்கு இது போதாதுடா" என்று டிரங்குப் பெட்டியைத் திறந்து அப்பாவின் பழைய ஸ்வெட்டரை எடுத்தாள். காப்பிப்பொடி நிறம், முழங்கையில் ஒட்டு. அந்துருண்டை வாசனை தெருவரைக்கும் போயிற்று.

கூடாரத்தை மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்தேன். இரண்டு நீளக் கம்பி. துண்டு துண்டாக இருப்பதைக் கோர்த்து, துணியின் காதில் நுழைத்து, வில் மாதிரி வளைத்து, மறுமுனையைச் செருகவேண்டும். வளைத்தேன். நழுவியது. கம்பி படீரென்று நிமிர்ந்து அம்மாவின் கூழ்வடகத்தைத் துணியோடு வாரி அடுத்த வீட்டு மாடியில் போட்டது. அந்த மாடியில் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்த தாத்தா எழுந்து உட்கார்ந்தார். அந்தக் காலத்தில் வயல் வயலாகப் போய் மூங்கிலை வளைத்து எலிக்கிட்டி வைத்தவர். ஒரு ராத்திரியில் நூறு கிட்டி வைப்பாராம். தலையில் ஒட்டியிருந்த வடகத்தை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, வளைந்த கம்பியையும், நடுவில் நின்ற என்னையும் ஒரு மாதிரி பார்த்தார்.

"எம்மாம் பெரிய கிட்டி! இதுல என்னாத்தடா தம்பி புடிக்கப்போற?" என்றார்.

கடைசியில் அவர்தான் கைப்பிடி சொல்லிக் கொடுத்தார். வளைக்கிறபோது முழங்காலை முட்டுக்கொடுக்கவேண்டுமாம். அட்டையில் ஒன்பது மொழியில் எழுதியிருந்தார்கள், ஒன்றிலும் முழங்கால் இல்லை.

மனைவியைச் சம்மதிக்க வைத்தது அழகும் அமைதியும் அல்ல, கட்டுவிரியன். ராத்திரி தரையில் படுத்தவன் பாய்க்குள் வந்து சேர்ந்து படுக்கிற பாம்பு அது, கடித்ததுகூடத் தெரியாது. "பாய்ல படுத்தாதான் ஆபத்து. இதுல சுத்திவர ஜிப்பு, எறும்புகூட வராது" என்று ஏற்றி இறக்கிக் காட்டினேன். ஜிப்பைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு மதிப்பு வந்தது. "அப்ப இதை மழைக்காலத்துல நம்ம கூடத்துலயே போட்டுக்கலாமே" என்றாள்.

செலவுக்கு என்ன கொண்டுபோவது என்கிற பேச்சு வந்தபோது வாய் சும்மா இராமல் சுந்தரரை இழுத்தேன். விருத்தாசலத்தில் கிடைத்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு வந்து இங்கே கமலாலயத்தில் எடுத்துக்கொண்டவர் அவர். வழிச் செலவுக்கு மடியில் முடிந்து திரிந்தாரா?

"அவரு பரவையார் கேட்டாங்கன்னு வீட்டுக்குப் பொன்னு கொண்டாந்தாரு. நீங்க என்னா கொண்டார்றீங்க?"

"ஏலக்காய்" என்றேன்.

கிளம்புகிற அன்று அம்மா விபூதி பூசி, "கன்னுக்குட்டி பாத்துப் போ" என்றாள். திருவாரூரில் சாவியைக் கையில் எடுக்கிற எவனுக்கும் இதுதான் முதல் புத்திமதி. மனுநீதிச் சோழன் மகன் தேரை வீதியில் விட்டு, குறுக்கே வந்த கன்று சக்கரத்தில் மாட்டி, பசு போய் மணி அடித்து, ராஜா மகனையே தேர்க்காலில் இட்ட ஊர். கல்தேராக இன்னும் நிற்கிறது. ஹெல்மெட், லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் அதற்கு அப்புறம்தான் எங்களுக்கு.

மேற்கே போகவேண்டியவன், பழைய திட்டத்தின் மிச்ச மரியாதைக்காகத் தெற்கே போய்ச் சுற்றிக்கொண்டு போனேன். கரைரோடு. நேர்ரோட்டில் ஒரு மணி நேரத்தில் முடிகிற தூரத்துக்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று. முன்னதாக அறுத்துவிட்ட உளுந்தைச் செடி செடியாக ரோட்டின் குறுக்கே பரப்பி வைத்திருந்தார்கள். வண்டிகள் ஏறி ஏறிக் காய் வெடிக்கவேண்டும் என்பது ஏற்பாடு. முதல் இடத்தில் ஓரமாக ஒதுங்கிப் போகப் பார்த்தேன். "அண்ணே, நடுவுல போங்கண்ணே" என்று ஒரு பெண்பிள்ளை விளக்குமாற்றை ஆட்டிக் கத்தியது. நடுவில் போனேன். வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது, சக்கரத்தில் கொடி சுற்றி இறங்கி இறங்கிப் பிடுங்கினேன். பொழுது சாய்வதற்குள் ஏழெட்டுக் குடும்பத்துக்குப் போர் அடித்துக் கொடுத்திருந்தேன். "எங்க போறீய?" எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். பதினேழில் விட்டுவிட்டேன்.

மூணாறு தலைப்பில் ரெகுலேட்டர் கதவுகள் இறங்கியிருந்தன. மணல். ஒரு குட்டையில் தேங்கின தண்ணீர், அதில் ஒரு கொக்கு. ஆனால் ஆள் இல்லை! வண்டியை நிறுத்தி, இடுப்பில் கை வைத்து, அந்த வெள்ளைக்காரர் மாதிரியே தண்ணீரைப் பார்த்தேன். ஒரு நிமிஷம் இருக்கும்.

"அண்ணே! நீங்க திருவாரூர் மோட்டார்கார அண்ணன்தானே?"

பருத்திக்குத் தண்ணீர் கட்டமுடியாமல் அவர் இரண்டு நாளாகத் தவிக்கிறாராம். என்னைத் தெய்வமே அனுப்பிவைத்ததாம். போர்செட்டுக் கொட்டகைக்குப் போனேன். மோட்டாரில் ஒன்றுமில்லை, ஸ்டார்ட்டரில் பாயிண்ட் கருகிக் கிடந்தது. நெற்றியில் கட்டுகிற விளக்கு ஒன்று வாங்கியிருந்தேன், நட்சத்திரம் பார்த்துக்கொண்டு காபி போடுவதற்காக. அதைக் கட்டிக்கொண்டு எமரித்தாளால் பாயிண்டைத் தேய்த்தேன். ஏழரை மணிக்குத் தண்ணீர் கொட்டியது. கூலிக்குப் பதிலாகப் படுக்க இடம் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை, வீட்டுக்கு வாங்க, கறி எடுக்கச் சொல்றேன் என்று மன்றாடினார். ஒருவழியாக, உளுந்து தெளிக்காத ஒரு வயலைக் காட்டினார். "ஆனா அங்க கெடை கெடக்குண்ணே, வாசம் அடிக்கும்" என்றார்.

இராமநாதபுரம் பக்கத்து ஆட்டுக்காரர்கள். நெல் அறுத்ததும் மந்தையோடு இந்தப் பக்கம் இறங்கி, வயல் வயலாகக் கிடை மறிப்பார்கள். கீதாரி என்போம். திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரரான சு. தமிழ்ச்செல்வி அந்தப் பெயரிலேயே ஒரு நாவல் எழுதியிருக்கிறார். முந்நூறு ஆடு இருக்கும், இருட்டில் வெள்ளையும் செம்பழுப்புமாக மேடு போலப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஓரத்தில் குட்டிகளை அடைக்கிற கூண்டு, கவிழ்த்த கூடை மாதிரி. பக்கத்தில் கல்கூட்டி ஒரு அடுப்பு. பெரியவருக்கு எழுபது இருக்கும், தோளில் ஒரு துண்டு, கையில் கம்பு. அவர் மனைவி உலை வைத்திருந்தார். நான் முழங்காலை முட்டுக்கொடுத்துக் கம்பியை வளைத்துக் கூடாரத்தை நிறுத்தினேன். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவிழ்த்த கூடை போலத்தான் அதுவும் இருந்தது, அவர்களுடையதைவிடச் சற்றுப் பெரிதாக.

பெரியவர் மெல்ல வந்து சுற்றிப் பார்த்தார். துணியைத் தடவினார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எத்தனை குட்டி தம்பி?"

"குட்டி இல்லீங்க. நான் படுக்க."

"ஆடு எங்கிட்டு நிக்கிது?"

"ஆடும் இல்லீங்க."

அவர் குந்தி உட்கார்ந்தார். வயல்காரர் கிடைக்கு ராத்திரிக்கு இவ்வளவு என்று கொடுப்பது வழக்கம். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்த வயல் அடுத்த வெள்ளாமைக்கு உரம் கேட்காது. வயலில் படுக்க அவருக்குச் சம்பளம் உண்டு. தொழில்காரருக்குத் தொழில்காரர் விசாரிப்பது போலவே கேட்டார்: "நமக்கு ராவுக்கு இம்புட்டுன்னு தாராக. ஒங்களுக்கு எம்புட்டுத் தாராக?"

"எனக்கு யாரும் தரலீங்க. நாந்தான் செலவு பண்ணிக்கிட்டு வந்து படுக்கிறேன்."

பெரியவர் கொஞ்ச நேரம் ஆடுகளைப் பார்த்தார். பிறகு திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா உலைமூடியைக் கையில் பிடித்தபடியே நின்றார். பெரியவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டுல ஏதும் சண்டையா தம்பி?" என்றார்.

அதற்குமேல் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுக் கொடுத்தார்கள். என் மனைவி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை எடுத்து நீட்டினேன். "பாரு, சோறு கட்டிக் குடுத்துத்தேன் அனுப்பியிருக்காக, நல்ல புள்ளதேன். காலையில வெரசா வீட்டுக்குப் போயிருங்க" என்று அந்தம்மா தனியாக எனக்குப் புத்தி சொன்னார். ராத்திரியெல்லாம் ஒரு ஆட்டுக்குட்டி கூடாரத்தை முட்டிக்கொண்டே இருந்தது. அதற்கு அது கூண்டு என்று பட்டிருக்கவேண்டும். எத்தனை தரம் எழுந்து விரட்டினாலும் வந்தது. மூன்றாவது தரம் ஜிப்பைத் திறந்தேன். உள்ளே வந்து காலடியில் படுத்துக்கொண்டது. மைனஸ் ஐந்து டிகிரிப் பையின் மேல் ஒண்ணுக்கும் இருந்தது.

விடிகாலை பனி கொட்டியது. வெளியே வந்தால் பெரியவர் துண்டை மட்டும் போர்த்திக்கொண்டு கம்பை ஊன்றி நின்றபடி இருமிக்கொண்டிருந்தார். வண்டிப் பெட்டியில் அந்துருண்டை வாசனையோடு கிடந்த ஸ்வெட்டர் நினைவுக்கு வந்தது. போட்டுவிட்டேன். அளவு எடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

நீடாமங்கலம் கடைத்தெருவில் கால் கிலோ ஏலக்காய் வாங்கினேன். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். போடி சரக்கு என்றார் கடைக்காரர். போடியிலிருந்து மலையேறினால் மூணாறுதான். மனசாட்சி ஒருவாறு சமாதானமாயிற்று. 

வீட்டுத் திண்ணையில் அம்மா முதலில் கேட்டதே ஸ்வெட்டரைத்தான்.

"அங்க ஒரு பெரியவருக்குக் குடுத்துட்டேம்மா. பனியில நின்னு ஆடு மேய்க்கிறாரு. துண்டுதான் போர்த்தியிருந்தாரு."

உள்ளே மனைவிக்குத் திடீரென்று புரையேறியது.

"மலை மேலயா? அடப் பாவமே" என்றாள் அம்மா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு எழுந்து டிரங்குப் பெட்டிக்குப் போனாள். "உங்கப்பா கம்பளி ஒண்ணு கிடக்கு. அடுத்த வாரம் மூணாறு போய் அவருக்கிட்ட குடுத்துட்டு வந்துடு" என்றாள்.